பசி ஹார்மோன் வயிற்றுப்புண்ணைத் தடுக்குமா? கிரெலின் பற்றிக் கொஞ்சம் விளக்குங்கள்

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வலி தாங்க முடியாத நாட்களில் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார். காலையில் எழுந்ததும், வெறும் டீயோடு. இரண்டு வருடமாக இப்படித்தான். போன மாதம் மூன்று நாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. நான்காம் நாள் குளியலறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.2. எண்டோஸ்கோபியில் இரைப்பையின் கீழ்ப்பகுதியில் இரண்டு புண். ரத்தம் ஏற்றினார்கள், பான்டோபிரசோல் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது நடமாடுகிறார்.

என் கேள்வி வேறு. அத்தை ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பியிருக்கிறார். பசிக்கும்போது வயிற்றில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரக்குமாம், அது அல்சரை ஆற்றுமாம், அதனால் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு தினமும் 16 மணி நேரம் வயிற்றைக் காயப்போட வேண்டுமாம். அம்மா மூன்று நாளாக அப்படியே செய்கிறார். எங்கள் பாட்டி இருந்தவரை "வயித்தக் காயப்போடாத, புண்ணாயிடும்" என்று சொல்லிச் சொல்லியே எங்களைச் சாப்பிடவைத்தார். இரண்டில் எது சரி? கிரெலின் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?

---

நெல்லை மருந்தாளர்

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் தங்கச்சி. மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

காரணம் இதுதான். பான்டோபிரசோல் வகை மாத்திரைகள் வயிற்றில் அமிலம் இறைக்கும் பம்புகளை அடைக்கும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் அடைக்க முடியும், சும்மா இருப்பதை அடைக்காது. சாப்பாடு உள்ளே போனால்தான் பம்புகள் ஓடத் தொடங்கும். அதனால்தான் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறோம். அம்மா காலை ஏழு மணிக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு மதியம் ஒரு மணிவரை பட்டினி இருந்தால் அந்த மாத்திரையில் பாதி வீண். ரத்தம் கசிந்த புண் ஆறவேண்டிய நேரத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

நான் கவுண்டருக்குப் பின்னால் 22 வருடம் நின்றவன். வெறும் வயிற்றில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை போடுகிற அம்மாக்களை வாரத்துக்குப் பத்துப் பேராவது பார்க்கிறேன். "கேஸ் மாத்திரையும் சேர்த்துக் கொடுங்க தம்பி" என்று அவர்களே கேட்பார்கள். ஏன் அந்த மாத்திரை வேண்டியிருக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

கிரெலின் உண்மைதான். அதன் கதை எனக்கு முழுசாகத் தெரியாது, இங்கே ஆய்வகத்தில் இருந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்லட்டும்.

---

ஆய்வக நாட்குறிப்பு

என்னை மனதில் வைத்துத்தான் அண்ணன் எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். நான் மருந்தியலில் மேற்படிப்பு படித்தபோது இரண்டு வருடம் எலிகளின் வயிற்றுப்புண்ணோடுதான் வாழ்ந்தேன். அதனால் ஆர்வமாகவே எழுதுகிறேன்.

1996-இல் ஒரு ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் சில செயற்கை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் அது. பூட்டு கிடைத்துவிட்டது, ஆனால் உடம்பு தானே செய்துவைத்திருக்கும் சாவி எது என்று தெரியவில்லை. மூளையில்தான் இருக்கும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, 1999-இல் ஜப்பானில் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் அதை எலியின் இரைப்பையில் இருந்து பிரித்தெடுத்தார்கள். 28 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சின்னச் சங்கிலி, அதாவது ஒரு பெப்டைடு. மூன்றாவது மணியில் எட்டுக் கார்பன் கொண்ட கொழுப்பு அமிலம் ஒன்று தொங்கும். அந்தத் தொங்கல் இல்லையென்றால் பூட்டில் சாவி ஏறாது.

ரத்தத்தில் ஓடும் கிரெலினில் பெரும்பகுதி இரைப்பையில் இருந்துதான் வருகிறது. இரைப்பையின் மேற்பகுதியில், அமிலம் சுரக்கும் சுரப்பிகளுக்கு நடுவிலேயே இந்தச் செல்கள் இருக்கின்றன. ஆனால் அவை வயிற்றின் உட்குழியை எட்டிப்பார்ப்பதில்லை. ரத்தக்குழாய் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருக்கும். செய்தி வெளியே, உடம்புக்குப் போகவேண்டும் என்பதற்கான அமைப்பு. சாப்பாட்டு நேரத்துக்கு முன் அளவு ஏறும், சாப்பிட்டபின் இறங்கும். பசி ஹார்மோன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இனிப் புண். 2003-இல் இத்தாலியில் மிலான் நகரத்து ஆய்வுக் குழு ஒன்று எலிகளின் மூளைக் குழிக்குள் கிரெலினைச் செலுத்தியது. பிறகு வாய்வழியாக ஆல்கஹால் கொடுத்தது. கிரெலின் பெற்ற எலிகளின் வயிற்றில் புண் குறைந்தது. கொடுத்த அளவு கூடக் கூடப் பாதுகாப்பும் கூடியது. தோலுக்கடியில் ஊசியாகப் போட்டபோதும் பலன் தெரிந்தது. பிறகு அவர்கள் ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுத்தார்கள், பாதுகாப்பு போய்விட்டது. வயிற்றின் உணர்வு நரம்புகளை முன்கூட்டியே செயலிழக்கவைத்தார்கள், அப்போதும் போய்விட்டது. அதாவது கிரெலின் தானே போய்ப் புண்ணை மூடவில்லை. நரம்புக்குச் சொல்கிறது, நரம்பு ரத்தக்குழாயைத் திறக்கவைக்கிறது, வயிற்றுச் சுவருக்கு ரத்தம் கூடுதலாக வருகிறது.

அடுத்த வருடம் போலந்தின் கிராகோவ் நகரத்துக்காரர்கள் வேறு வழியில் வந்தார்கள். எலியைக் கட்டிவைத்துக் குளிர்ந்த நீரில் மார்பளவு இறக்கி மன அழுத்தப் புண் உண்டாக்கும் முறை அவர்களுக்குக் கைவந்த கலை. அங்கேயும் கிரெலின் காத்தது, வயிற்றுச் சுவரின் ரத்த ஓட்டம் கூடியது. மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டினால் பலன் மங்கியது. வயிற்றுச் சுவரைக் காக்க உடம்பே செய்யும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாவதைத் தடுத்தாலும் அப்படியே.

இந்தச் சோதனை எப்படி இருக்கும் என்று பார்த்தவன் சொல்கிறேன். நாங்கள் மூலிகைச் சாறுகளைச் சோதித்தோம், முறை ஒன்றுதான். எலியை 24 மணி நேரம் பட்டினி போட வேண்டும். மருந்து, பிறகு ஆல்கஹால், ஒரு மணி நேரம் காத்திருப்பு. பிறகு இரைப்பையை எடுத்துப் பெரிய வளைவு ஓரமாகக் கத்தரித்து, உப்பு நீரில் அலசி, தக்கைப் பலகையில் குண்டூசி குத்தி விரிப்போம். ஆல்கஹால் மட்டும் வாங்கிய வயிற்றில் மடிப்புகளின் முகட்டைப் பிடித்துக்கொண்டு கருஞ்சிவப்பு நாடாக்கள் ஓடும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒவ்வொரு நாடாவின் நீளத்தையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதுவேன். பாதுகாக்கப்பட்ட வயிறு வெளிர் ரோஜா நிறத்தில், பளபளவென்று இருக்கும். முதல்முறை பார்த்தபோது உடனே அளக்கத் தோன்றவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

தேன்மொழி அக்கா, இதில் ஒன்றைக் கவனியுங்கள். அந்த எலிகள் எல்லாமே 24 மணி நேரம் பட்டினி கிடந்தவை. பட்டினியில் அவற்றின் சொந்தக் கிரெலின் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கும். அப்படியும் ஆல்கஹால் பட்டதும் வயிறு கிழிந்தது. காத்தது, வெளியில் இருந்து ஊசியாகப் போட்ட கூடுதல் கிரெலின். வாட்ஸ்அப் செய்தி எழுதியவர் இந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டார்.

---

வயல்வெளி

தம்பி நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு இடத்தில் இடிக்கிறது. பசித்தால் அமிலம் சுரக்கும், அமிலம் சுரந்தால் புண் வரும் என்றுதானே படித்தோம். பசி ஹார்மோன் என்றால் அது அமிலத்தையும் கூட்டத்தானே வேண்டும்? அமிலத்தைக் கூட்டுகிற ஒன்று எப்படிப் புண்ணைத் தடுக்கும்?

---

ஆய்வக நாட்குறிப்பு

ஐயா, இதைக் கேட்டதற்கு நன்றி. இதுதான் முழு விஷயத்தின் முடிச்சு.

உங்கள் சந்தேகம் சரியானதே. 2000-இல் ஜப்பானில் மயக்க நிலையில் இருந்த எலிகளுக்கு ரத்தக்குழாய் வழியாகக் கிரெலின் கொடுத்தபோது அமிலமும் கூடியது, வயிற்றின் அசைவும் கூடியது. மிலான் குழு விழித்திருந்த எலிகளின் மூளைக்குள் கொடுத்தபோது அமிலம் குறைந்தது. எந்த வழியில், எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது. அதனால் அமிலக் கணக்கை மட்டும் வைத்துக் கிரெலினின் பாதுகாப்பை விளக்க முடியாது.

அமிலத்தைத் தொடாமலே வயிற்றைக் காக்க முடியும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. 1979-இல் அமெரிக்காவில் ஆந்த்ரே ராபர்ட் என்பவர் எலிகளுக்குப் புரோஸ்டாகிளாண்டின் கொடுத்தார். அமிலத்தைக் குறைக்கவே போதாத சின்ன அளவு. அதன்பின் கலப்பில்லாத ஆல்கஹால், வலுவான அமிலம், வலுவான காரம், ஏன், கொதிக்கும் நீரைக்கூட வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார். வயிறு தாங்கியது. அதுவரை எல்லோரும் தாக்குகிற அமிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாங்குகிற சுவரைப் பார்க்கவைத்தது அந்த ஆய்வு.

அந்தச் சுவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பிஎச் 2-க்கும் கீழே இறங்கக்கூடிய அமிலம். சுவரின்மேல் வழுவழுவென்று ஒரு சளிப்படலம். அந்தப் படலத்துக்கு அடியில் பைகார்பனேட் சுரந்து, வருகிற அமிலத்தை அங்கேயே முறிக்கிறது. மேல்தோல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாறிவிடுகின்றன. சின்னக் கீறல் விழுந்தால் பக்கத்துச் செல்கள் பிரிவதற்குக்கூடக் காத்திருக்காமல் நகர்ந்து வந்து மூடிவிடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ரத்தக்குழாய் வலை, கசிந்து உள்ளே வந்த அமிலத்தை அள்ளிக்கொண்டு போக. ரத்தம் குறைந்தால் மற்ற எல்லாம் படுத்துவிடும்.

இந்த வேலைகளை நடத்துகிற முக்கியமான தூதன் புரோஸ்டாகிளாண்டின். டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் வலியைக் குறைப்பது அந்தப் புரோஸ்டாகிளாண்டினை நிறுத்தித்தான். 1971-இல் ஜான் வேன் காட்டியது இது. முழங்காலில் நிறுத்தும்போது வயிற்றிலும் நிறுத்திவிடுகிறது. தேன்மொழி அக்காவின் அம்மாவுக்கு அமிலம் கூடியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்த அமிலத்தைத் தாங்கிய சுவர் இரண்டு வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு எழுதவே வருத்தமாக இருக்கிறது. கிரெலினின் பாதுகாப்பும் ஓரளவு புரோஸ்டாகிளாண்டின் வழியாகத்தான் நடக்கிறது என்று கிராகோவ் ஆய்வு சொன்னதல்லவா? வலி மாத்திரை போட்டவருக்கு அந்த வழியே அடைபட்டுப்போகிறது. யாருக்கு இந்தக் காவல் அதிகம் தேவையோ, அவரிடம்தான் அது குறைவாக வேலை செய்யும்.

---

கோவை வைத்தியர்

இரைப்பை குடல் மருத்துவம் பார்க்கிறேன். வாசித்துக்கொண்டே வந்தேன். ஆய்வக நாட்குறிப்பு எழுதியது சரியாக இருக்கிறது, நான் மனிதர்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

வயிற்றுப்புண்ணுக்குக் கிரெலினை நாங்கள் யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. அந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தாக அது இல்லை. ரத்தத்தில் அது நீண்ட நேரம் தங்காது, பசியைத் தூண்டும், வளர்ச்சி ஹார்மோனைக் கிளப்பும், சர்க்கரைக் கணக்கையும் தொடும். வயிற்றுக்கு மட்டும் என்று அதைக் கட்டிவைக்க முடியாது. கிரெலினின் பூட்டில் ஏறும் அனாமொரெலின் என்ற மாத்திரைக்கு ஜப்பானில் 2021-இல் அனுமதி கிடைத்தது. அதுவும் புற்றுநோயில் உடல் மெலிந்துபோகிறவர்களுக்கு, புண்ணுக்கு அல்ல.

இரைப்பையில் குடியிருந்து புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமிக்கும் கிரெலினுக்கும் தொடர்பு உண்டு. இந்தக் கிருமி உள்ளவர்களில் பல ஆய்வுகளில் கிரெலின் குறைவாக இருந்திருக்கிறது, குறிப்பாக இரைப்பையின் உட்சுவர் மெலிந்து, சுரப்பிகள் அழிந்தவர்களில். செல்கள் இருந்தால்தானே சுரக்கும். கிருமியை ஒழித்தபின் கிரெலின் ஏறியது என்று சில ஆய்வுகள், ஏறவில்லை என்று சில. அதனால் கிரெலின் குறைந்ததால் புண் வந்ததா, புண்ணைக் கொண்டுவந்த கிருமியே கிரெலினையும் குறைத்ததா என்றால், மனிதர்களில் இரண்டாவது வாதத்துக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது.

தேன்மொழி, உங்களிடம் கேட்க வேண்டியது இது. எண்டோஸ்கோபியில் பயாப்சி, அதாவது சோதிக்கத் திசுத் துணுக்கு, எடுத்தார்களா? கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்களா? ரத்தம் கசிந்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்த பரிசோதனை சில சமயம் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். பான்டோபிரசோல் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான். அதனால் இல்லை என்று வந்திருந்தால் அதோடு விட்டுவிடாமல் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எப்போது நிறுத்திச் சோதிப்பது என்று உங்கள் மருத்துவர் சொல்வார். வலி மாத்திரையும் கிருமியும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து கூடிவிடுகிறது.

இரைப்பையில் வந்த புண் என்பதால் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி ஒரு எண்டோஸ்கோபி தேவைப்படலாம். ஆறிவிட்டது என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஆறாத புண் வேறு ஏதாவதாக இருக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, தவறவிடக்கூடாது என்று சொல்கிறேன்.

---

ரஹீம் பாய்

டாக்டர், உங்களைப் பார்த்ததும் கேட்டுவிடலாம் என்று வந்தேன். எனக்கு முன்பு சிறுகுடல் தொடக்கத்தில் புண் இருந்தது. கிருமி மருந்து 14 நாள் சாப்பிட்டு ஆறிவிட்டது, நான்கு வருடமாகத் தொந்தரவு இல்லை. நோன்பு வைக்கிறேன். வீட்டில் ஒவ்வொரு வருடமும் இதே பேச்சு: வெறும் வயிறு புண்ணைக் கொண்டுவரும் என்று. தேன்மொழி தங்கையின் பாட்டி சொன்னதும் அதுதான். வெறும் வயிறு புண்ணைக் கொண்டுவருமா, வராதா?

---

கோவை வைத்தியர்

பாய், ஆரோக்கியமான வயிறு பசியால் மட்டும் புண்ணாகாது. இரவு முழுக்க எல்லோருடைய வயிறும் வெறுமையாகத்தான் இருக்கிறது. புண்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே காரணம்: கிருமி, வலி மாத்திரை. கிருமியின் பங்கை 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் தொடங்கி நிலைநாட்டினார்கள். மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல்.

உங்களுக்குக் கிருமி ஒழிந்து, புண் ஆறி, வலி மாத்திரையும் இல்லை என்றால் நோன்பு வைப்பதில் பெரும்பாலும் தடை இல்லை. கிருமி போய்விட்டதை மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ உறுதிசெய்தீர்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். புண் இப்போது இருக்கிறவர், சமீபத்தில் ரத்தம் கசிந்தவர் என்றால் பதில் வேறு. தேன்மொழியின் அம்மா அந்த வகை.

பாட்டியையும் நான் தவறு என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே கிருமியோ புண்ணோ இருக்கிற வயிறு காலியாக இருக்கும்போது எரியும், கொஞ்சம் சாப்பிட்டால் அடங்கும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பசிதான் புண்ணைக் கொண்டுவந்தது என்று நினைத்தது இயல்பு.

---

ஜூரோங் செல்வி

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். உணர்வு நரம்பு பற்றித் தம்பி எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. இங்கே 1995-இல் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. ஆரோக்கியமான 18 பேர். ஒருமுறை 20 கிராம் மிளகாயைத் தண்ணீரோடு கொடுத்தார்கள், இன்னொருமுறை வெறும் தண்ணீர். அரை மணி கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின். ஆறு மணி நேரம் கழித்து எண்டோஸ்கோபி. மிளகாய் சாப்பிட்ட நாளில் இரைப்பையில் காயம் குறைவாக இருந்தது. இடைநிலை மதிப்பெண் 4-க்குப் பதில் 1.5.

எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அல்சர் என்றதும் முதலில் நிறுத்தியது மிளகாயைத்தான். ரசத்தில்கூட மிளகாய் கிள்ளிப்போடாமல் ஆறு மாதம் சாப்பிட்டார் பாவம். கிரெலினும் மிளகாயும் ஒரே நரம்பைத்தான் தட்டுகின்றனவா?

---

ஆய்வக நாட்குறிப்பு

ஆமாம் அக்கா, அதே நரம்புதான். அழகான தொடர்பைப் பிடித்தீர்கள்.

மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் பட்டதும் விழித்துக்கொள்ளும் மெல்லிய உணர்வு நரம்புகள் வயிற்றுச் சுவரில் இருக்கின்றன. அவை விழித்ததும் ஒரு நரம்புப் பெப்டைடை வெளியே விடுகின்றன, அது ரத்தக்குழாயை விரிக்கும். உள்ளே ஏதோ எரிகிறது, தண்ணீர் கொண்டுவாருங்கள் என்று கூப்பிடும் காவல்காரன் மாதிரி. கிரெலினின் செய்தியும் இந்தக் காவல்காரன் வழியாகத்தான் போகிறது. மிலான் குழு உணர்வு நரம்புகளைச் செயலிழக்கவைத்தது என்று எழுதினேன் அல்லவா? அதற்கு அவர்கள் பயன்படுத்தியதும் இதே கேப்சைசின்தான். கொஞ்சம் கொடுத்தால் நரம்பு விழிக்கும், மிகப் பெரிய அளவில் கொடுத்தால் சோர்ந்து விழுந்துவிடும்.

ஆனால் 18 பேரும் புண் இல்லாதவர்கள், ஒரே ஒருவேளை கொடுத்துப் பார்த்தது. புண் இருக்கிறவர் மிளகாய்ப்பொடியைக் கரைத்துக் குடிக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை, இருக்கிற புண்ணில் எரியவைக்கலாம். உங்கள் அப்பா ரசத்தில் ஒரு மிளகாய் சேர்த்திருந்தால் எதுவும் ஆகியிருக்காது.

---

கடலோரன்

எல்லாம் சரி நண்பர்களே. வயிற்றுப்புண்ணை ஆற்றும் பெப்டைடு ஊசி என்று இணையத்தில் பிபிசி-157 விற்கிறார்களே, இரைப்பை நீரில் இருந்து வந்ததாம். அதுவும் கிரெலின் மாதிரிதானே? உடற்பயிற்சிக் கூடத்தில் இரண்டு பேர் போடுகிறார்கள்.

---

கோவை வைத்தியர்

வேண்டாம் தம்பி. கிரெலின் உங்கள் உடம்பே சுரக்கும் ஹார்மோன், மரபணு தெரியும், ஏற்பி தெரியும். பிபிசி-157 என்பது 15 அமினோ அமிலம் கொண்ட ஒரு செயற்கைச் சங்கிலி. எலிகளில் நிறைய எழுதியிருக்கிறார்கள், பெரும்பகுதி ஒரே குழுவினரிடம் இருந்து வந்தது. மனிதர்களில் புண்ணை ஆற்றும் என்று காட்டும் பெரிய ஆய்வு இல்லை. விளையாட்டு வீரர்களுக்கு 2022 முதல் தடைப் பட்டியலில் இருக்கிறது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாத ஒன்றை ஊசியில் ஏற்றாதீர்கள். அந்த இரண்டு பேரிடமும் சொல்லுங்கள்.

---

வயல்வெளி

டாக்டர், என் பங்குக்கு ஒன்று. மைசூரில் பல வருடம் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டவி என்ற ஆங்கிலேயர் இந்தியாவில் சிறுகுடல் புண் எங்கே அதிகம் என்று தேடித் தேடிக் குறித்தார். அரிசி சாப்பிடும் தெற்கில் அதிகம், கோதுமை சாப்பிடும் பஞ்சாப் பக்கம் குறைவு என்று எழுதினார். இதிலும் ஹார்மோனுக்கு வேலை இருக்குமா? அப்புறம் எங்கள் பக்கத்தில் வயிற்றெரிச்சலுக்கு அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொள்வார்கள். அதில் ஏதாவது இருக்கிறதா?

---

ஆய்வக நாட்குறிப்பு

ஐயா, டவியின் வரைபடத்தை நானும் வகுப்பில் படித்தேன். வடக்கிலும் தெற்கிலும் கிருமி பரவலாகத்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் புண்ணில் வித்தியாசம் என்றால் சுவரின் வலிமையில் சாப்பாட்டுக்கு ஏதோ பங்கு இருக்க வேண்டும் என்பதே அவர் வாதம். தானியத்தில் உள்ள சில கொழுப்புப் பொருட்கள் பக்கம்தான் அவர் கை காட்டினார், ஹார்மோன் பக்கம் அல்ல.

ஆனால் சாப்பாட்டை மெல்லும்போது ஊறும் உமிழ்நீர் வழியாக வயிற்றைக் காக்கும் ஒரு பெப்டைடு வருகிறது. உமிழ்நீரில் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி உண்டு, 53 அமினோ அமிலம். மனிதச் சிறுநீரில் இருந்து 1975-இல் பிரித்தெடுத்த யூரோகாஸ்ட்ரோன் என்ற அமிலத் தடுப்புப் பொருளும் இதுவும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. எலிகளின் உமிழ்நீர்ச் சுரப்பியை எடுத்துவிட்டால் வயிற்றுப்புண் ஆறுவது தாமதமாகிறது. வயிற்றைக் காப்பதில் கிரெலின் தனி ஆள் இல்லை, பெரிய குடும்பத்தில் ஒருவர்.

அதிமதுரத்தில் நிறையவே இருக்கிறது. அதன் பொருளை மாற்றிச் செய்த கார்பினாக்சலோன்தான் 1960-களில் இங்கிலாந்தில் புண்ணுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. சளிப்படலத்தை வலுப்படுத்தும். ஆனால் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, ரத்த அழுத்தத்தை ஏற்றியது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அதிமதுரத்தையும் தினமும் அடக்கிக்கொள்ளக்கூடாது என்பது அதனால்தான்.

---

தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. முழு இழையையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பட்டினி கிடந்த எலிகளுக்கும் புண் வந்தது என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். மறுநாள் காலை ஏழரைக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இரண்டு இட்லி.

பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். பயாப்சியில் கிருமி இல்லை என்று இருக்கிறது, எடுத்த நாள் ரத்தம் கசிந்த அதே நாள். டாக்டர் சொன்னதை எங்கள் மருத்துவரிடம் சொன்னேன். எட்டு வாரம் முடிந்ததும் மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தி மறுபடி பார்க்கலாம் என்றார். மறு எண்டோஸ்கோபிக்கும் தேதி கொடுத்துவிட்டார். முழங்காலுக்குப் பாராசிட்டமாலும், மேலே தடவ ஜெல்லும்.

ஒரு கடைசிச் சந்தேகம். ரத்தம் ஏற இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார். அதனாலும் மலம் கறுப்பாகப் போகிறது. மறுபடி புண்ணில் ரத்தம் கசிந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? அம்மா இப்போது தினமும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுச் சொல்கிறார், எனக்குத்தான் பதில் தெரியவில்லை.

---

கோவை வைத்தியர்

மிக நல்ல கேள்வி அம்மா. இரும்பு மாத்திரையில் வருவது கரும்பச்சை கலந்த கறுப்பு, பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், வழக்கமான வாடைதான். ரத்தம் கசிந்தால் தார் மாதிரி பளபளக்கும், ஒட்டும், இளகிப் போகும், வாடை சகிக்க முடியாததாக இருக்கும். ஒருமுறை அனுபவித்தவர் அம்மா, வாடையை மறந்திருக்க மாட்டார். அதோடு தலைசுற்றல், படபடப்பு, திடீர் வியர்வை எது வந்தாலும் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுங்கள், இரவு இரண்டு மணியாக இருந்தாலும்.

---

நெல்லை மருந்தாளர்

தங்கச்சி, டாக்டர் சொன்ன இந்த நான்கு வரியைத் தாளில் எழுதி என் கவுண்டர் கண்ணாடியில் இன்று காலை ஒட்டிவிட்டேன். வலி மாத்திரை கேட்டு வந்த முதல் அம்மாவே நின்று வாசித்துவிட்டு, "மூணு நாளா எனக்கு இப்படித்தான் போகுது" என்றார். ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தேன்.